ஒன்பதாம் அறையில் எங்கட ஆள்

என் தொழில் நிற்பது. ரொறன்ரோ நகர நடுவிலுள்ள ஓர் ஓவியக் கூடத்தில் பதினொரு வருடமாக நிற்கிறேன். கறுப்புக் காற்சட்டை, சாம்பல் நிறக் கோட், காதில் ஒரு வயர். யாராவது படத்துக்குள் மூக்கைக் கொண்டுபோனால் கொஞ்சம் பின்னால் நில்லுங்கள் என்பேன். கழிவறை எங்கே என்று கேட்டால் கை காட்டுவேன். படங்களைப் பற்றிப் பேசுவது என் வேலையில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், படித்தவர்கள், கழுத்தில் பட்டி தொங்கும்.

போட்டோ எடுக்க வருகிறவர்கள் என்னைப் பார்த்து இரண்டு விரலால் ஒரு சைகை காட்டுவார்கள். தள்ளி நில் என்று அர்த்தம். முதல் வருடம் எனக்குக் கோபம் வந்தது. இப்போது அவர்கள் கேட்கவே வேண்டியதில்லை. போனைத் தூக்குகிற கையைக் கண்டால் கால் தானாக நகர்ந்துவிடும்.

எனக்குத் தந்திருப்பது ஒன்பதாம் அறை. விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயப் படங்கள். பெரிய பெரிய பொன்னிறச் சட்டங்கள். சட்டத்துக்குள் வெள்ளைக்காரர் பாதி, வெளிநாட்டார் பாதி. வெளிநாட்டார் என்றால் யார் என்று நினைக்கிறீர்கள்? தலைப்பாகை கட்டியவன் கம்பளத்தில் சாய்ந்து புகை விடுவான். ஒருத்தி கையில் சலங்கை வைத்த பறையோடு ஆடுவாள். கறுத்த பையன் ஒருவன் பழத்தட்டை ஏந்திக்கொண்டு நிற்பான். இவர்களில் ஒருவருக்கும் வேலை வெட்டி இல்லை, சளி பிடிப்பதில்லை, வீட்டு வாடகையும் இல்லை. வெள்ளைக்காரர் படம் என்றால் கீழே இன்ன சீமானின் மனைவி, இன்ன தளபதி என்று பெயர் இருக்கும். மற்றவர்கள் எல்லாரும் 'கிழக்கத்தியர்'. சிலருக்கு அதுவும் கிடையாது.

இந்த உலகம் எனக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் நான் படித்த கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி நிறைய அந்தக் காலத்து ஆங்கில நாவல்கள் இருந்தன. விழுந்து விழுந்து படித்தேன். அவற்றில் ஒரு கிழட்டு மாமா வெளிநாட்டிலிருந்து திரும்பி வருவார். கூடவே ஒரு வேலைக்காரன் வருவான். கறுப்பன், பேசமாட்டான், சத்தமில்லாமல் நடப்பான். நாலாம் அத்தியாயத்தில் ஏதாவது காணாமற்போகும், எல்லாரும் அவனைத்தான் பார்ப்பார்கள். பிரெஞ்சுக்காரி என்றால் உடுப்புத் தைத்துக்கொண்டே ஒட்டுக்கேட்பாள். இத்தாலிக்காரன் என்றால் பாட்டுப்பாடி ஏமாற்றிவிடுவான். நானும் அந்தக் கறுப்பனை நம்பவில்லை. இருட்டில் அவன் வருகிறான் என்றால் இரண்டு பக்கத்தைத் தாண்டிப் புரட்டிவிடுவேன். நான் அந்த வீட்டு மகளின் பக்கம்தான் நின்றேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தும் அது உறைக்கவில்லை.

இருபத்தொரு வயதில் அகதியாக வந்து பார்க்டேலில் ஒரு மாடிக் கட்டடத்தில் இறங்கிய மூன்றாம் நாள் உறைத்தது. லிஃப்டுக்குள் ஏறினேன். உள்ளே நின்ற வெள்ளைக்காரக் கிழவி கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பதினாலு மாடியும் நாங்கள் இருவரும் கதவையே பார்த்துக்கொண்டு இறங்கினோம். நாவலில் சத்தமில்லாமல் வருகிறவள் நான்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை. நல்ல கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இனி அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒன்பதாம் அறையின் வடக்குச் சுவரில் ஒரு குடும்பப் படம். ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தில் தேநீர் குடிக்கிறார்கள். தகப்பன், தாய், இரண்டு பெண்கள், ஒரு நாய். நாய் உட்பட எல்லாரும் ஓவியரைப் பார்க்கிறார்கள். இடப்பக்க மூலையில், மர நிழலில், மண்ணிறமான ஒரு பெண். தலையில் முக்காடு, பொன்கரை போட்ட துணி. இடது இடுப்பில் ஒரு வெள்ளைக் குழந்தை. அவள் மட்டும் ஓவியரைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்க்கிறாள். படத்தின் கீழே இருந்த குறிப்பில் குடும்பத்தின் பெயர் இருந்தது. நாயின் சாதிகூட இருந்தது. அவளுக்கு 'ஆயாவுடன்' என்ற ஒரு சொல்தான்.

முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். உவள் எங்கட ஆள். மூக்குத்தி வலப்பக்கம். பிள்ளையை இடது இடுப்பில் வைத்து வலது கையை வேலைக்கு விட்டிருக்கிற விதம் அப்படியே எங்கள் பெண்கள். யாழ்ப்பாணத்தார் சந்தையிலோ ஆஸ்பத்திரியிலோ ஒரு மாநிற முகத்தைக் கண்டால் இரண்டாவது கேள்வியாக "ஊரிலை எவடம்?" என்று கேட்போம். எதிரில் நிற்பவர் கயானாக்காரராகவோ பீஜிக்காரராகவோ இருந்தாலும் விடமாட்டோம். எப்படியாவது ஒரு நூலைப் பிடித்துக் கோண்டாவிலுக்கோ கரம்பனுக்கோ கொண்டுவந்து சேர்த்துவிடுவோம். நான் ஒரு படத்திடம் கேட்டேன். அது பதில் சொல்லவில்லை, ஆகவே நானே சொல்லிக்கொண்டேன். இலங்கைத் தமிழிச்சி. தோட்டத் துரையோடு கப்பலில் போனவள்.

ஒன்று மட்டும் இடித்தது. அவள் சேலையில் கொய்யகம் இல்லை. முன்னால் ஒரு மடிப்புமில்லாமல் சும்மா சுற்றிவிட்ட துணி. ஒரு அடி வைத்தால் அவிழ்ந்துவிடும். பிள்ளை அழுதிருக்கும், அவசரத்தில் சுற்றியிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேண்டியதைக் காண்பதற்கு எனக்குக் கண் நன்றாகவே தெரியும்.

பத்தாம் அறையில் நிற்பவள் என் சிநேகிதி. அறுபத்து மூன்று வயது, இத்தாலியில் பிறந்து நாலு வயதில் இங்கே வந்தவள். இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள வாசலில் ஆளுக்கொரு பக்கமாக நின்று ஆங்கிலத்தில் கதைப்போம். இருவருக்கும் அது அடுத்தவர் வீட்டு மொழி. யாராவது வந்தால் சிலையாகிவிடுவோம். அவளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன், மூலையில் நிற்பவள் எங்கள் ஊர்க்காரி என்று! "தெரியும், தெரியும். உன் ஒன்றுவிட்ட பாட்டி" என்பாள். எனக்குப் பொறுக்காது. "உங்கள் ஆட்கள் ஒருத்தரும் இந்த அறையில் இல்லையே, அந்தப் பொறாமை" என்பேன்.

போன வசந்த காலத்தில் ஊழியர் அறையில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். ஒன்பதாம் அறையின் குறிப்புகளை மாற்றப்போகிறார்கள். கூடத்தில் வேலை செய்கிற எவரும், துப்புரவு செய்பவர்கூட, ஒரு படத்தைப் பற்றித் தம் சொந்தச் சொல்லில் ஐந்தாறு வரி எழுதிக் கொடுக்கலாம். தெரிந்தெடுத்தவை சுவருக்குப் போகும். தாய்மொழியிலும் எழுதலாம், ஆங்கிலம் பக்கத்தில் வரும்.

அறிவித்தலை மூன்று தரம் வாசித்தேன். பதினொரு வருடமாக வாயைப் பொத்திக்கொண்டு நின்றவளுக்கு ஒரு சுவர். அதுவும் தமிழில். அந்தக் கட்டடம் முழுவதும் நடந்திருக்கிறேன், ஒரு தமிழ் எழுத்து எங்கும் இல்லை. முதலாவது என்னுடையதாக இருக்கவேண்டும். வேறு எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதாக நினைவில்லை. வீடு வாங்கியபோதுகூட இல்லை.

மில்லிக்கன் ஸ்ரேசனில் காரை விட்டுவிட்டு ரெயினில் போய்வருகிறவள் நான். போகும்போது எழுதினேன், வரும்போது வெட்டினேன். நாலாம் நாள் முடிந்தது. 'இந்தப் பெண் எங்கள் பெண். இலங்கைத் தமிழ்ப்பெண். அவள் மூக்குத்தியைப் பாருங்கள்' என்று தொடங்கும். கொடுத்தேன். பதில் வருமட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேனா? இல்லை. எங்கள் மாதா கோவில் பெண்கள் சங்கத்தின் வட்ஸ்அப்பில் படத்தைப் போட்டு, நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய எங்கட பொம்பிளை, சுவரில் தமிழில் எழுதப்போகினம் என்று அறிவித்துவிட்டேன். கைகூப்பும் படங்களும் பூக்களுமாக வந்து குவிந்தன. சங்கத் தலைவி ஒரு வானையே ஒழுங்குபண்ணிவிட்டா. ஜூன் மாதம் மூன்றாம் ஞாயிறு, பூசை முடிந்ததும் பதினொரு பேர் வருவதாகத் திட்டம்.

அதற்கு இரண்டு கிழமை முன்பு ஓவியப் பொறுப்பாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். சின்னப் பெண், மரியாதையான பிள்ளை. என் குறிப்பைத் தெரிந்தெடுத்திருப்பதாகச் சொன்னாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு, "ஒரு விசயம் காட்டவேண்டும்" என்று கொம்பியூட்டரைத் திருப்பினாள்.

அதே ஓவியரின் வேறு மூன்று படங்கள். ஒன்றில் இத்தாலிய நாட்டுப்புறப் பெண் திராட்சைக் கூடையோடு நிற்கிறாள். இன்னொன்றில் துருக்கிச் சீமாட்டி கம்பளத்தில் சாய்ந்திருக்கிறாள். மூன்றாவதில் வேதாகமக் காலத்து யூதப் பெண் கிணற்றடியில் தண்ணீர் அள்ளுகிறாள். மூன்றும் அவளேதான். அதே தாடை, அதே புருவம். அதே பொன்கரைத் துணி ஒன்றில் தலையில், ஒன்றில் இடுப்பில், துருக்கியில் தலையணைக்கு மேலே. துணி ஒன்று, ஆள் ஒன்று, நாடு மட்டும் நாலு.

அவள் இலண்டனில் ஓவியர்களுக்கு மாதிரியாக நின்ற இத்தாலியப் பெண் என்று ஓவியரின் கடிதம் ஒன்றில் இருக்கிறதாம். அந்தக் காலத்தில் இப்படிப் பலர் இருந்தார்களாம். கிழக்கத்திய முகம் வேண்டுமென்றால் அவர்களைத்தான் கூப்பிடுவார்களாம். நிறத்தைத் தூரிகை பார்த்துக்கொள்ளும்.

"மூக்குத்தி?" என்று கேட்டேன்.

அது கடைசியாக, எல்லாம் காய்ந்த பிறகு, மேலே வைத்த ஒரு மஞ்சள் புள்ளி என்றாள்.

உண்மை இல்லாததைச் சுவரில் ஒட்ட முடியாது, ஆனால் நீங்கள் மாற்றி எழுதித் தரலாம், வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது என்று தன்மையாகத்தான் சொன்னாள். நான் நன்றி சொல்லி எழுந்து வந்தேன். ஒன்பதாம் அறையில் போய் என் இடத்தில் நின்றேன். அன்றைக்கு அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அவளிடம் இல்லை, என்னிடம். ஓவியர் தனக்கு வேண்டிய வெளிநாட்டுக்காரியை ஒரு புள்ளி வைத்துச் செய்துகொண்டார். நான் அந்தப் புள்ளியை நம்பி எனக்கு வேண்டிய ஊர்க்காரியைச் செய்துகொண்டேன். அவள் யார் என்று இருவரும் கேட்கவில்லை. கிழவி கைப்பையை மாற்றிய அந்த லிஃப்டில் ஏறி நான் எங்கே இறங்கியிருக்கிறேன் என்று பாருங்கள்.

போதாக்குறைக்குத் தமிழும் போயிற்று. இத்தாலிக்காரிக்கு எதற்குத் தமிழ்க் குறிப்பு?

வீட்டுக்கு வந்து என் மனுசனிடம் கொட்டித் தீர்த்தேன். சமையலறை மேசையில் பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தவர் முழுவதும் கேட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"என்னப்பா சிரிக்கிறீர்? வாற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு பதினொரு பேர் வான் பிடிச்சு வருகினம்."

"இல்லை, அந்த மனுசி கொய்யகம் இல்லாமல் சீலையைச் சுத்தினதுக்குச் சிரிக்கிறன். உம்மடை கிறிஸ்மஸ் காட் ஞாபகம் வந்தது."

"எந்தக் காட்?"

"கூறைச் சீலை காட்."

அவர் எழுந்து போய், எங்கள் அகதிக் கடுதாசிகள் எல்லாம் கிடக்கிற தடித்த உறையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்து பயித்தங்காய்க்குப் பக்கத்தில் வைத்தார். அவர் அதை வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

வந்த புதிதில் மூன்று வருடம் ஒரு பெரிய வீட்டில் பிள்ளை பார்த்தேன். நல்ல மனிதர்கள், அதில் குறையில்லை. இரண்டாம் வருடம் நத்தாருக்கு வாழ்த்து அட்டைக்குக் குடும்பமாகப் போட்டோ எடுத்தார்கள். பிள்ளை என்னைவிட்டு வரமாட்டேன் என்று வீறிட்டது. அப்படியென்றால் நீயும் நில் என்று அந்த அம்மா சொன்னா. சொல்லிவிட்டு என் ஜீன்ஸையும் கம்பளிச் சட்டையையும் பார்த்தா. "உங்கள் நாட்டு உடுப்பு ஒன்று போட்டு வரலாமா? அழகாக இருக்கும்."

என்னிடம் சேலை எங்கே இருந்தது? கொண்டுவந்தது இரண்டு பாவாடை. கீழ்மாடியில் இருந்த அக்கா ஒருவவிடம் கேட்டேன். அவவிடமும் பட்டு என்று இருந்தது ஒன்றே ஒன்று, அவவுடைய கலியாணக் கூறை. சிவப்பும் பொன்னும். "கவனமாய் வைச்சிரு தங்கச்சி" என்று தந்தா. எங்கள் கத்தோலிக்க வேதக்காரப் பெண்கள் வெள்ளை உடுத்து மாதா முன்னால் மாலை மாற்றுகிறவர்கள். கலியாணமாகாத ஒரு வேதக்காரி, இன்னொருத்தியின் சைவக் கூறையைச் சுற்றிக்கொண்டு, யேசு பாலன் பிறந்த வாழ்த்து அட்டையில் நிற்கிறாள். அந்த வீட்டுக்காரருக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. என் அம்மா கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பா. பார்க்டேலில் ஒருவருக்கும் காட்டவில்லை. இவருக்கு மட்டும் கலியாணம் பேசிய நேரம் காட்டினேன், பகிடிக்காக.

முப்பது வருடத்துக்குப் பிறகு அதைப் பார்த்தேன். எல்லாரும் கமராவைப் பார்க்கிறார்கள், அவர்கள் வீட்டு நாயும்தான். நான் ஓரத்தில், கொய்யகமில்லாமல் அவசரத்தில் சுற்றிய கூறையோடு. இடது இடுப்பில் பிள்ளை. அது என் காதைப் பிடித்து இழுக்கிறது, நான் அதைப் பார்த்துச் சிரிக்கிறேன். அந்தப் பிள்ளையில் எனக்கு உயிர். வேலையை விட்ட அன்றைக்கு பஸ்ஸில் வீடு வருமட்டும் அழுதேன். சேலை இரவல், நாடு இரவல், பிள்ளையும் இரவல். பிள்ளையைத் தூக்கிய கை மட்டும் என்னுடையது.

"உமக்கு அவவைத் தெரியும் தானே?" என்றார் மனுசன். அவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். "இத்தாலிக்காரி எண்டால் என்ன? அவவைப் பற்றி எழுத உம்மைவிட ஆர் இருக்கினம்?"

"தமிழிலையோ?"

"நீர் எழுதினால் வேறை எதிலை எழுதுவீர்?"

என் மனுசன் அபூர்வமாகத்தான் உருப்படியாகப் பேசுவார். பேசினால் ஒத்துக்கொள்ளவேண்டும்.

அடுத்த நாள் வாசலில் நின்று சிநேகிதிக்கு உண்மையைச் சொன்னேன். கெக்கட்டம் விட்டுச் சிரிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன், அது எனக்கு வேண்டியதுதான். அவள் சிரிக்கவில்லை. முதல்முறையாகத் தன் அறையை விட்டு வந்து படத்தின் முன்னால் நின்றாள். பதினொரு வருடமாக வாசலிலிருந்து அரைக்கண்ணால் பார்த்த படம். வெகுநேரம் பார்த்தாள்.

"என் அம்மா இங்கே வந்து முதல் செய்த வேலை இதுதான். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இன்னொருத்தி பிள்ளையைப் பார்த்தாள். இப்படித்தான் தூக்குவாள்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பதினொரு வருடமாக என் பாட்டியைக் களவெடுத்து வைத்திருந்திருக்கிறாய், கள்ளி."

இரண்டு பேரும் சிரித்ததில் மூலையில் நின்ற ஒரு பார்வையாளர் எங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். எங்களுக்கு நாங்களே காவலாளிகள், யாரிடம் முறையிடுவார்?

வெள்ளிக்கிழமை காலை ரெயினில் எழுதி முடித்தேன். பொறுப்பாளர் ஆங்கிலத்தை வாசித்துவிட்டு, தமிழை எழுத்து எழுத்தாகப் பார்த்தாள், விளங்காவிட்டாலும். "இது சுவருக்குப் போகும்" என்றாள்.

புதன்கிழமை ஒட்டினார்கள். ஞாயிறு வான் வந்தது.

போன் பண்ணி வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் துணிவில்லை. பன்னிரண்டரைக்கு வாசலில் பட்டுச்சேலையும் கைப்பையுமாகப் பதினொரு பெண்கள். பூசைக்கு உடுத்ததோடு வந்திருந்தார்கள். ஒருவ ஒரு பெட்டி நிறைய றோல்ஸ் கொண்டுவந்திருந்தா, உள்ளே சாப்பாடு விடமாட்டோம் என்று நானே வாங்கிக் கீழே வைக்கவேண்டியிருந்தது. சங்கத் தலைவி முன்னால் வந்தா. எழுபத்தெட்டு வயது, ஞாயிறு பூசையில் முதலாம் வாசகம் அவதான் வாசிக்கிறவ. எல்லாருக்கும் அன்ரி.

"எங்கை பிள்ளை எங்கட ஆள்?"

நான் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். சொன்னேன். அன்ரி, நான் பிழை விட்டிட்டன். உவ எங்கட ஆள் இல்லை. இத்தாலிக்காரி. ஓவியர் துணி குடுத்து எங்கட ஆக்கள் மாதிரி நிக்கவைச்சவர். மூக்குத்தியும் பொய். நான் தான் முந்திரிக்கொட்டை மாதிரி எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்.

பின்னாலிருந்து றோல்ஸ் கொண்டுவந்தவ சொன்னா, "ஒரு இத்தாலிக்காரியைப் பாக்கவோ பூசையால நேர வான் ஏறி வந்தனாங்கள்?"

எனக்கு முகம் எரிந்தது. அவ சொன்னதில் பிழையில்லை.

அன்ரி படத்தைப் பார்க்கவில்லை. பக்கத்திலுள்ள சுவரைப் பார்த்தா. கண்ணாடியைப் போட்டு இன்னும் கிட்டப் போனா. வழக்கமென்றால் பின்னால் நில்லுங்கள் என்று சொல்லியிருப்பேன். "உது தமிழெல்லே?" என்றா. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசகம் வாசிக்கிற அதே குரலில், அறை முழுக்கக் கேட்கும்படி வாசித்தா.

'இந்தப் பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது. எந்த நாட்டவள் என்பது ஓவியருக்கு முக்கியமாக இருக்கவில்லை. அவர் கொடுத்த துணியை அவள் சுற்றிக்கொண்டாள். ஆனால் பிள்ளையை இப்படித் தூக்க யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது, அது அவளுடையது. இதை எழுதுகிறவள் பதினொரு வருடமாக இந்த அறையில் நிற்கிறாள். அவளும் ஒரு காலத்தில் பிறர் வீட்டுப் பிள்ளையை இரவல் சேலையோடு தூக்கியவள்.'

வாசித்து முடிந்தும் அன்ரி சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றா.

"நானும் தான்," என்றது ஒரு குரல். றோல்ஸ் கொண்டுவந்தவ. "அஞ்சு வருசம். ரெட்டைப் பிள்ளையள்."

"நான் ரெண்டு வருசம்," என்றா இன்னொருவ. "அந்தப் பிள்ளை என்னை அம்மா எண்டுதான் கூப்பிட்டது. அதுக்காகவே என்னை வேலையாலை நிப்பாட்டினவை."

இவர்களை இருபது வருடமாகத் தெரியும். பிள்ளைகளின் படிப்பு, கலியாணம், மூட்டுவலி எல்லாம் தெரியும். இது தெரியாது. நான் அட்டையை ஒளித்து வைத்ததுபோல அவர்களும் எங்கேயோ ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவில்லை. கடமை நேரத்தில் காவலாளி அழக்கூடாது என்று விதிப்புத்தகத்தில் இல்லை.

என் சிநேகிதி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்ரி அவளைக் கண்டா. "உவ ஆர்?"

"அடுத்த அறை. இத்தாலிக்காரி அன்ரி. உண்மையா உவவின்ரை ஆள்தான் படத்திலை நிக்கிறது."

அன்ரி நேரே போய் அவளின் கையைப் பிடித்தா. என்னைத் திரும்பிப் பார்த்து, "கேள் பிள்ளை. ஊரிலை எவடம்?" என்றா.

நான் கேட்டேன். சிநேகிதி ஒரு கடலோரச் சிற்றூரின் பெயரைச் சொன்னாள். தெற்கே, படகுகள் நிறைய உள்ள இடம். தகப்பன் மீன் பிடித்தவர். மொழிபெயர்த்தேன். அன்ரி நன்றாகத் தெரிந்த இடம்போலத் தலையாட்டினா.

"கடல் பக்கம் எண்டால் எங்கட ஆக்கள்தான்," என்று மற்றவர்களுக்கு அறிவித்தா. வழக்கு முடிந்தது.

பிறகு போட்டோ. பதினொரு பேரும் படத்தின் முன்னால் சேலைகளைச் சரிசெய்துகொண்டு வரிசையாக நின்றார்கள். பார்க்க வந்திருந்த ஓர் இளைஞனிடம் அன்ரி தன் போனைக் கொடுத்துவிட்டா. அவன் அதைத் தூக்கினான். என் கால் தானாக நகர்ந்தது, பக்கத்துச் சுவரோரமாக.

"எங்கை போறாய்?"

"இல்லை அன்ரி, நான் வேலையிலை நிக்கிறன். பாருங்கோ, இந்த உடுப்போடை..."

"உது உன்ரை உடுப்புத்தானே?"

நான் குனிந்து என் சாம்பல் கோட்டைப் பார்த்தேன். காதில் வயர், இடுப்பில் சாவி, காலில் நாள் முழுக்க நிற்பதற்கென்று வாங்கிய தடித்த சப்பாத்து. ஓம், எல்லாம் என்னுடையதுதான். ஒன்றும் இரவல் இல்லை.

"போ, நான் உன் அறையையும் பார்க்கிறேன்" என்றாள் சிநேகிதி. அவளையும் ஒருவ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டா, ஆகவே அந்த ஒரு நிமிடம் இரண்டு அறைக்கும் காவல் இல்லை. அன்ரி வரிசையைப் பிரித்து ஓர் இடம் விட்டா. ஒரு பக்கம் படத்தில் அவள், மறுபக்கம் சுவரில் தமிழ்.

"நடுவுக்கு வா பிள்ளை," என்றா.

நான் நடுவுக்குப் போனேன்.